கூஸ் வில்லேஜ் இருந்த இடம்

மொன்றியலின் தெற்கு ஓரத்தில், விக்டோரியா பாலம் தொடங்கும் இடத்தருகே, ஆறே தெருக்கள் கொண்ட ஓர் ஊர் இருந்தது. நகராட்சி ஏடுகளில் அதன் பெயர் விக்டோரியாடவுன். குடியிருந்தவர்கள் வாயில் அது கூஸ் வில்லேஜ். பிரெஞ்சு பேசும் பெருநகரத்தின் விளிம்பில், ஆங்கிலம் பேசிய தொழிலாளர் சிற்றூர். பிரிட்டானியா, கான்வே, மெனாய் என்று தெருக்களுக்குப் பெயர். வேல்ஸ் நாட்டில் ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டிய ரயில் பாலங்களை நினைவூட்டும் பெயர்கள் இவை. அதே ஸ்டீபன்சனின் கைவண்ணம் கலந்த விக்டோரியா பாலம் 1859இல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றைக் கடந்தது.

அந்த மண்ணுக்கு அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்தது. மக்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோதும் தானியக் கப்பல்கள் இங்கிலாந்துக்குப் போவது நிற்கவில்லை. தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டன் பூட்டன் வழியாகக் கேட்டறிந்த நமக்கு இந்தப் பிரிட்டிஷ் ஆட்சிமுறை புதிதல்ல. 1847இல் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் ஐரிஷ் மக்கள் மரக்கப்பல்களில் கனடாவை நோக்கிப் புறப்பட்டார்கள். பேன் வழியே பரவும் டைபஸ் காய்ச்சலும் கூடவே ஏறிக்கொண்டது. கப்பல் காய்ச்சல் என்றே அதற்குப் பெயர் விழுந்தது.

மொன்றியலில் இறங்கிய நோயாளிகளை விண்ட்மில் பாயிண்ட் என்ற ஆற்றங்கரைத் திடலில் மரக் கொட்டகைகள் போட்டு வைத்தார்கள். கிரே நன்ஸ் எனப்படும் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் கன்னியர் அங்கே போய்ப் பணிவிடை செய்தார்கள். அவர்களிலும் பலர் படுத்தார்கள், சிலர் எழவில்லை. மேயர் ஜான் ஈஸ்டன் மில்ஸ் தாமே கொட்டகைக்குள் போய் நோயாளிகளைக் கவனித்தார். நோய் தொற்றி நவம்பரில் இறந்தார். அகதிகளின் கொட்டகைகளை ஆற்றில் தள்ளிவிட வேண்டும் என்று கூட்டம் கொதித்த ஊரில், பதவியில் இருந்த ஒருவர் அவர்களுக்காக உயிர்விட்டார் என்பதை மொன்றியல் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். பெற்றோரை இழந்த குழந்தைகள் பலரைப் பிரெஞ்சுக் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. ஏறக்குறைய 6,000 பேர் அந்தத் திடலிலேயே புதைக்கப்பட்டார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பாலம் கட்டவந்த தொழிலாளர்கள் அந்த எலும்புகளைக் கண்டார்கள். அத்தொழிலாளர்களில் பலர் ஐரிஷ்காரர்களே. ஆற்றுப் படுகையிலிருந்து சுமார் 30 டன் எடையுள்ள ஒரு பாறையைத் தூக்கி நிறுத்தி, இங்கே கிடப்பவர்களைக் குலைக்காதீர்கள் என்ற பொருளில் எழுத்துப் பொறித்தார்கள். கூலிக்கு வந்தவர்கள் தாமாக எழுப்பிய நடுகல் அது. நாளடைவில் கறுப்புக் கல் என்று பெயராயிற்று. 1900இல் ரயில் நிறுவனம் அதை வேறிடத்துக்குப் பெயர்த்துக் கொண்டுபோனது. ஐரிஷ் சமூகம் விடாமல் போராடி, பத்தாண்டுக்கு மேல் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தது.

இதற்கிடையே ஊர் வளர்ந்தது. முதலில் ஐரிஷ்காரர்கள், பிறகு இத்தாலியர், போலந்துக்காரர், உக்ரேனியர். ஆண்கள் ரயில் பட்டறைக்கு நடந்தே வேலைக்குப் போனார்கள். காற்று திரும்பினால் மாட்டுப் பட்டிகளின் வாடை வீட்டுக்குள் வரும். இரண்டு மூன்று மாடிச் செங்கல் வீடுகள், படிக்கட்டில் உட்கார்ந்து பேசும் பெண்கள், தெருவே விளையாட்டுத் திடல்.

1964இல் மேயர் ஜான் டிராப்போவின் நிர்வாகம் இதைச் சுகாதாரக் கேடான சேரி என்று சொல்லித் தரைமட்டமாக்கியது. மூன்றாண்டில் எக்ஸ்போ 67 உலகக் கண்காட்சி. விருந்தினர் வரும் வழியில் இந்த ஊர் நின்றது. இடிப்பதற்கு முன் நகராட்சி ஆட்கள் வீடுவீடாகப் புகைப்படம் எடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஒருவர் எண் எழுதிய பலகையைப் பிடித்து நிற்கிறார். சேரியென நிரூபிக்க எடுத்த அந்தப் படங்களில் திரைச்சீலை தொங்கும் சன்னல்களும், கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் சிறுவர்களும் இருக்கிறார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் சிதறின. அங்கே எழுந்த ஆட்டோஸ்டேட் விளையாட்டரங்கமும் 1970களின் இறுதியில் பிரிக்கப்பட்டுவிட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு அரங்குக்காக ஒரு நூற்றாண்டு ஊரை அழித்தது அநியாயம். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அதே ஆண்டுகளில் சாலைக்காகக் கறுப்புக் கல்லையும் நகர்த்தப் பார்த்தார்கள். முடியவில்லை. சாலைதான் வளைந்து போனது. இறந்தவர்களுக்காகப் பேச ஐரிஷ் அமைப்புகள் இருந்தன, திருச்சபை இருந்தது. வாடகை வீட்டில் குடியிருந்த ரயில் தொழிலாளிக்கு அப்படி யாரும் இல்லை.

இன்று அந்தக் கல் இரு பக்கமும் லாரிகள் விரையும் சாலை நடுவே நிற்கிறது. 2019இல் புதிய ரயில் தடத்துக்குத் தோண்டியபோது 1847இன் எலும்புகள் மறுபடி வெளிப்பட்டன. பக்கத்து நிலத்தை வாங்கிய ஹைட்ரோ-கியூபெக் மின் நிறுவனம் துணைமின்நிலையத்தோடு நினைவிடத்துக்கும் இடம் ஒதுக்க ஒப்புக்கொண்டது.

மொன்றியலில் தமிழர்கள் நிறைய இருக்கிறோம். 1986இல் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 தமிழ் அகதிகளில் ஒரு பகுதியினர் இந்நகருக்குத்தான் வந்தார்கள். 2021இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் இடிக்கப்பட்ட இரவு நமக்கு நினைவிருக்கிறது. மே மாதத்தின் கடைசி ஞாயிறு, செயின்ட் கேப்ரியல் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் ஐரிஷ் மக்கள் கறுப்புக் கல்லுக்கு நடந்து போகிறார்கள். மே 18 நினைவுநாளுக்குச் சுடர் ஏற்றியவர்கள் அடுத்த வாரம் அவர்களோடும் நடக்கலாம்.