‘பிரைவேட்’ எதைக் காக்கிறது?

என்னிடம் நிரலாக்கம் பழகும் மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள்: ‘பிரைவேட்’ என்று குறித்த தரவை வெளியிலிருந்து யாராலும் தொட முடியாதா?

முடியும். பைதனில் ‘கணக்கு’ என்ற வகுப்புக்குள் ‘__மீதி’ என்று எழுதினால், அந்த மொழி அதை ‘_கணக்கு__மீதி’ என்று பெயர் மாற்றி வைக்கிறது. அவ்வளவுதான். மாறிய பெயரைச் சொன்னால் தரவு கைக்கு வந்துவிடும். ஜாவாவில் ‘ரிஃப்ளெக்‌ஷன்’ என்ற வசதி மூலம் அந்தத் தடையை விலக்கலாம்.

இதற்கு விலையும் உண்டு. பல மென்பொருள்கள் ஜாவாவின் உள்ளமைப்பையே இப்படித் தொட்டு இயங்கிவந்தன. 2017இல் வெளியான ஜாவா 9 எச்சரித்தது. 2021இல் ஜாவா 16 இயல்பாகவே தடுத்தது. அதே ஆண்டில் வந்த ஜாவா 17, தடையை ஒட்டுமொத்தமாகத் தளர்த்தும் வழியையும் நீக்கியது. பழைய நூலகங்களை நம்பியிருந்தவர்கள், அவை திருத்தப்படும்வரை புதிய பதிப்புக்கு மாறச் சிரமப்பட்டார்கள்.

‘பிரைவேட்’ என்பதை, “இதை நாளை மாற்றுவேன், நம்பியிருக்காதீர்கள்” என்று எழுதியவர் விடுக்கும் அறிவித்தலாகவே நான் பார்க்கிறேன். கடவுச்சொல்லைக் காக்க அது போதாது. அதற்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும். பிழை தேடும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். அன்றாடம் தேவைப்பட்டால், அந்த வகுப்பை எழுதியவரிடம் பொதுவழி ஒன்றைக் கேளுங்கள்.