உள்ளங்கை அளவு நினைவு

விடிந்தும் விடியாத வேளை. பூவிருந்தவல்லி பேருந்து நிலையத்தருகே ஒரு மூதாட்டி மல்லிகைச் சரத்தை முழம் போட்டு எண்ணுகிறார். நாலு, அஞ்சு, ஆறு... "ஆவடி, ஆவடி!" என்ற கூவலுக்கு அந்த எண்ணிக்கை அசையவில்லை. யாரோ ஒருவர், "முழம் எவ்வளவும்மா?" என்கிறார். "முப்பது சாமி" என்று சொன்ன மறுகணம் விரல்கள் நிற்கின்றன. ஆறா, ஏழா? ஊர்ப்பெயர் கலைக்காத எண்ணை இன்னோர் எண் கலைத்துவிட்டது.

தினமும் கடந்துபோகும் நாம் வியக்க மறந்த அற்புதம் இது. அண்டத்தையே அளக்கத் துணிந்த மனம் ஒரு நொடியில் ஏந்துவதோ கைப்பிடிப் பூ. ஏழு என்றார் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர், 1956-இல்; நான்குதான் என்றார் இன்னோர் உளவியலாளர் நெல்சன் கோவன், 2001-இல். கை இவ்வளவு சிறியதாய் இருப்பது குறையா? மூடிய கை அடுத்த பூவை ஏந்துவது எப்படி?

ஆனாலும் உதறிய கையில் போன பூவின் மணம் நிற்கிறது. ஒரு சோதனையில் மூன்றெழுத்துகளை நினைவில் வைக்கச் சொல்லி, இடையில் எண்களை எண்ண வைத்தார்கள். முதல் முறை மறதி அநேகமாக இல்லை. முறைகள் கூடக் கூட, முந்தியவை பிந்தியவற்றோடு கலந்தன. 1962-இல் கெப்பலும் அண்டர்வுட்டும் கண்ட உண்மை இது. எழுத்துக்குப் பதில் எண்ணைக் கொடுத்தால் நினைவு மறுபடி துளிர்த்தது என்று பின்னர் விக்கன்ஸ் காட்டினார்.

அப்படியானால் நினைவை அளக்கும் கோலும் பழுதுபடாதா? வழக்கமான சோதனை சிறு பட்டியலில் தொடங்கிப் பெரியதற்கு ஏறும். பெரியது வரும்போது பழைய மணங்கள் கையில் நிறைந்திருக்கும். 1999-இல் மே, ஹேஷர், கேன் ஆகியோர் அதைத் தலைகீழாக்கிப் பெரியதை முதலில் கொடுத்தார்கள். முதியோரின் மதிப்பெண் உயர்ந்தது! வயதில் கை சுருங்கிவிட்டது என்று நாம் நினைத்ததில் ஒரு பங்கு, கையில் தங்கிய பழைய மணமே.

இதே மனத்தைத் தவத்தால் பழக்கியோரும் உண்டு. முதுகில் விழும் கல்லையோ பூவையோ எண்ணிக்கொண்டே கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா பாடுவது அவதானக் கலை. 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில், இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் நூறு கவனங்களை ஒருசேர ஏந்திச் சதாவதானி ஆனார். கலைக்கவென்றே வந்த கேள்விகளுக்கு நடுவே கலையாமல் நின்ற மனம் அது!

நமக்கு வாய்த்ததோ சின்னக் கை. மூதாட்டி சரத்தை முதலிலிருந்து எடுக்கிறார். ஒன்று, ரெண்டு... அவர் எண்ணி முடிக்கட்டும். விலையை அப்புறம் கேட்போம்.