நாணயமும் கைத்தொழிலும்

தில்லியிலாயினும், மும்பையிலாயினும், கொல்கத்தாவிலாயினும் தமிழர் நாலு குடும்பம் சேர்ந்து வாழும் இடத்தில் சீட்டு இல்லாமலிருப்பது அரிது. இருபது பேர் கூடுகிறோம். மாதந்தோறும் ஒரு தொகையைக் கட்டுகிறோம். அவசரத் தேவையுள்ளவர் முன்னதாக எடுத்துக் கொள்கிறார். ஈடாக நிலமும் இல்லை, நகையும் இல்லை. ஆளைத் தெரியும், அவர் ஊரைத் தெரியும் என்பது ஒன்றே ஈடு. பதிவு பெறாத சீட்டை 1982ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பது வேறு பேச்சு. நாம் சொல்ல வந்தது, அந்த நம்பிக்கையைப் பற்றியே. நிலமற்ற கிராமத்து ஏழைகளுக்குக் கடன் கொடுக்க நம் நாட்டில் நடந்துவந்த முயற்சிகளின் ஆதாரமும் அதுவேயாகும்.

கடன் வசதியைக் குறிக்க நம் முன்னோர் ‘நாணயம்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தனர். கடனுதவும் கூட்டுறவுச் சங்கங்களை ‘ஐக்கிய நாணய சங்கம்’ என்றே அழைத்தனர். அறிக்கைகளைத் தமிழாக்குவதையே தொழிலாக உடைய நமக்கு இச்சொல்லின் மீது தனியொரு பிரியம் உண்டு. கையிலுள்ள காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரெடரிக் நிக்கல்சன் என்ற ஆங்கில அதிகாரி, ஐரோப்பியக் கிராமங்களின் கடன் சங்கங்களை ஆராய்ந்து, 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைபீசன் என்பார் உழவரைக் கூட்டி நடத்திய சங்கங்களே நமக்கேற்ற முன்மாதிரி என்று அவர் கருதினார். 1904இல் அதற்கான சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூர் என்னும் சிற்றூரில் சங்கமும் தோன்றியது.

அரை நூற்றாண்டு கழிந்தது. ரிசர்வ் வங்கி நியமித்த கோர்வாலா குழு 1954இல் தன் ஆய்வை வெளியிட்டபொழுது நாடே திகைத்தது. 1951-52இல் உழவர் பெற்ற கடனில் நூற்றுக்கு 3.1 ரூபாயே சங்கங்களின் வழியாகக் கிடைத்தது. ஏறத்தாழ 70 ரூபாய் வட்டிக்காரரிடமிருந்து வந்தது. சங்கங்களும் நிலத்தை ஈடு கேட்டமையால், நிலமில்லாதவர் வாசலிலேயே நின்றுவிட்டனர்.

1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. அதன் பின்னர் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் வந்தது. 1978-79இல் தொடங்கிய இத்திட்டம் 1980 அக்டோபர் 2 முதல் எல்லா வட்டாரங்களுக்கும் விரிந்தது. வங்கி கடன் தரும். அரசு மானியம் தரும். சிறு விவசாயிக்குக் கால் பங்கும், கூலியாளுக்கும் கைவினைஞருக்கும் மூன்றில் ஒரு பங்கும், பழங்குடியினருக்குப் பாதியும் மானியமாயின. ஊரக இளைஞர்க்குச் சுயதொழில் கற்பிக்கும் பயிற்சித் திட்டமும் 1979 ஆகஸ்டு 15இல் தொடங்கப்பெற்றது. காகிதத்தில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. களத்தில் பல இடங்களில் அவை சந்திக்கவேயில்லை.

அந்நாளில் கடனுக்கு மிகுதியாக வாங்கப்பட்டவற்றுள் கறவை மாடும் ஒன்று. ஒரு கூலிக்காரக் குடும்பத்தின் வாசலில் கடனுக்கு வாங்கிய மாடு கட்டப்பட்டதாக வைத்துக் கொள்வோம். அதற்குத் தீவனம் விளைய ஒரு துண்டு நிலமும் அவர்களுக்கு இல்லை; வைக்கோலையும் புண்ணாக்கையும் விலைக்கே வாங்கவேண்டும். மாடு நோயுற்றால் மருத்துவர் எட்டு மைலுக்கு அப்பால். கறந்த பாலைக் காலையிலும் மாலையிலும் அளந்து எடுத்துக்கொள்ளும் சங்கம் ஊரில் இருந்தால்தான் அது காசாகும். எல்லாம் நன்கு அமைந்தாலும் மாடு ஆண்டு முழுவதும் கறப்பதில்லை. பால் வற்றிய மாதங்களிலும் தவணை வற்றுவதில்லை! ஒரு நாள் மாடு சந்தைக்குப் போகிறது. கடன் மட்டும் வீட்டில் தங்குகிறது. அலுவலகத் தமிழில் நாம் ‘பயனாளி’ என்று எழுதியவர் ஊராரின் வாயில் கடனாளியாக நிற்கிறார். பயிற்சியின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. ஒரே ஊரில் முப்பது பெண்களுக்குத் தையல் கற்பித்தால், அந்த முப்பது பேருக்கும் துணி கொடுப்பவர் யார்?

இக்கேள்வியை முன்கூட்டியே கேட்ட இடமொன்று கர்நாடகத்தில் உண்டு. தட்சிண கன்னட மாவட்டத்து உஜிரேயில், 1982இல், தர்மஸ்தலத்தின் தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்டே அவர்களின் முயற்சியால், சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் கூடி ஒரு பயிற்சி நிலையத்தை நிறுவின. அங்கே தங்கிப் படிக்கவேண்டும், செலவு நிலையத்தினுடையது. கைத்தொழிலோடு கணக்கெழுதவும், வங்கி அதிகாரியிடம் அஞ்சாமல் பேசவும், சந்தையை நேரில் சென்று விசாரித்தறியவும் கற்பிக்கின்றனர். தான் தொடங்கவிருக்கும் தொழிலை அவ்வூரில் எத்தனை பேர் முன்னரே செய்கின்றனர், என்ன விலைக்குச் செய்கின்றனர் என்பதை மாணவரே கேட்டறிந்து வரவேண்டும். நம் கருத்தில் இதுவே பயிற்சியின் உயிர்நிலை. படித்து முடித்தவரை அப்படியே விட்டுவிடாமல் ஈராண்டுக் காலம் தொடர்ந்து கவனிக்கின்றனர். பிற்காலத்தில் மத்திய அரசு இம்மாதிரியைப் பின்பற்றி, மாவட்டத்திற்கொன்று என்ற நோக்கத்துடன் வங்கிகளின் வாயிலாக ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை அமைத்தது.

கடன் பக்கத்திலும் கர்நாடகமே ஒரு வழி காட்டிற்று. எண்பதுகளின் நடுவில், மைராடா என்ற தொண்டு நிறுவனம் வளர்த்த பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் சில உடைந்தன. உடைந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த சிறு சிறு குழுக்களாகத் தாமே கூடினர். தேசிய ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 1992இல் இத்தகைய 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்க முற்பட்டது. தமிழ்நாட்டில் இதற்கு முன்னரே, 1989இல், தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கியிருந்தன. பத்து முதல் இருபது பேர், தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, அச்சேமிப்பிலிருந்து தமக்குள் கடன், அதன் பின்னரே வங்கி. வட்டி எவ்வளவு என்று கேட்டால் நேயர்கள் வியப்புறக்கூடும். குழுவுக்குள் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்பது பரவலான வழக்கம், ஆண்டுக்கு 24. இது குறைந்த வட்டியன்று. ஆனால் அது குழுவின் பொதுநிதிக்கே திரும்புகிறது.

இவ்விடத்தில் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். ஒரு நிறுவனம் 10,000 ரூபாய் கடன் தருகிறது. வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டரைதான். வாரம் 225 ரூபாயாக 50 வாரத்தில் கட்டலாம் என்கிறது. கேட்பதற்கு மலிவாகத் தோன்றும். ஆனால் பாதி வாரங்கள் கழிந்ததும் கடன்பட்டவர் கையில் மிஞ்சியிருப்பது ஏறத்தாழ பாதித் தொகையே. வட்டியோ கடைசி வாரம்வரை முழுப் பத்தாயிரத்திற்கும் கணக்கிடப்படுகிறது. உண்மையான வட்டி ஏறக்குறைய அதன் இரு மடங்கு! குழு வாங்கும் வட்டியும் அவ்வளவே. ஆயினும் இந்த வட்டி ஊரைவிட்டுப் போய்விடுகிறது.

2010இல் ஆந்திரப் பிரதேசத்தில் நேர்ந்தது இதன் கொடிய முகம். ஒரே பெண்ணுக்கு மூன்று நான்கு நிறுவனங்கள் கடன் தந்தன. ஒன்றின் தவணைக்கு மற்றொன்றில் வாங்கினர். ஒருவர் தவறினால் மற்றவர் கட்டவேண்டும் என்பதால் அண்டை வீட்டாரே தண்டல்காரராயினர். தற்கொலைச் செய்திகள் வந்தன. அவ்வாண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. ஆளைத் தெரியும் என்ற அதே நம்பிக்கை அங்கே கழுத்துக் கயிறாயிற்று. தொழில் என்ன, விற்பனை எங்கே என்று கேட்பார் இல்லை. தவணை நாள் மட்டுமே கேட்கப்பட்டது. ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாகக் கட்டும் மாதத் தவணை அதன் மாத வருமானத்தில் பாதிக்கு மேற்படலாகாது.

ஊரிலிருந்து தங்கையோ மதினியோ தொலைபேசியில் அழைத்து, கடன் வாங்கித் தொழில் செய்யப்போவதாகக் கூறும்பொழுது, தொலைவில் வாழும் நம்மால் ஆகக்கூடியது பணம் அனுப்புவது மட்டுமன்று. வட்டி முழுத் தொகைக்கா, குறைந்துவரும் பாக்கிக்கா? கடனட்டையில் அது எழுதப்பட்டுள்ளதா? முன்னரே வேறு கடன் இருக்கிறதா? செய்த பொருளை யார் வாங்குவர்? இவற்றைக் கேட்டறியலாம். தொழில் தெரியாதெனில், முதலில் மாவட்டத்துப் பயிற்சி நிலையத்தின் முகவரியை அங்குள்ள முன்னோடி வங்கியில் விசாரிக்கச் சொல்லலாம். தொழிலுக்கேற்பச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை பயிற்சி நடைபெறும். உணவும் தங்குமிடமும் இலவசம்.