மேசைமேல் ஒரு திருகோணமலை

1782 பிப்ரவரி 17. சதுரங்கப்பட்டினத்துக்கு வெளியே, கரையிலிருந்து பார்த்தால் பீரங்கிப் புகை தெரியும் கடலில், பிரெஞ்சுத் தளபதி சஃப்ரானின் படையும் ஆங்கிலேயத் தளபதி எட்வர்டு ஹியூஸின் படையும் முதல்முறையாக மோதின. அடுத்த பதினாறு மாதத்தில் இன்னும் நான்கு மோதல்கள்: இலங்கையின் கிழக்குக் கரையோரம் ப்ரொவிடியன் அருகே, நாகப்பட்டினத்தில், திருகோணமலையில், கடைசியாக 1783 ஜூனில் கடலூரில். கடலூரில் குண்டு பாய்ந்தபோது ஐரோப்பாவில் இரு நாடுகளும் பூர்வாங்க சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டு ஐந்து மாதம் ஆகிவிட்டது. சேதிதான் இன்னும் இங்கே வந்து சேரவில்லை.

இப்படியொரு வரலாற்றைப் படிக்க ஆரம்பிக்கும் வாசகருக்குச் சில நாளிலேயே புத்தகம் போதாமல் போய்விடும். சஃப்ரானின் கப்பல்களில் சில ஏன் எப்போதும் பின்தங்கின? அடிப்பாகத்துக்குச் செப்புத்தகடு அடித்தவை சிலதான், மற்றவற்றில் பாசியும் சிப்பியும் படிந்து வேகத்தைக் குறைத்தன என்று புத்தகம் பதில் சொல்லும். அந்தத் தகடு எவ்வளவு பெரியது, எப்படி அடித்தார்கள் என்று அடுத்த கேள்வி எழும். இந்தக் கேள்வியில்தான் பலர் கத்தியையும் உப்புத்தாளையும் கையில் எடுக்கிறார்கள். மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்களில் தச்சு வேலையில் ஆசை கொண்டு வந்தவர்களைப் போலவே, படித்துப் படித்துக் கடைசியில் கட்டத் தொடங்கியவர்களும் நிறைய உண்டு.

இது புதுப் பொழுதுபோக்கு அல்ல. பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே ஆங்கிலேயக் கடற்படை நிர்வாகத்துக்காக மாதிரிகள் செய்யப்பட்டன. பெரும்பாலும் கால் அங்குலம் ஓர் அடிக்குச் சமம், அதாவது 1:48 அளவு. உள்ளே இருக்கும் சட்டங்கள் தெரியட்டும் என்று அடிப்பாகத்தைப் பலகையால் மூடாமலே விடுவது அவற்றின் தனி அழகு. நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் கடற்படை நிர்வாகியும்கூட. அவரே இத்தகைய மாதிரிகளைச் சேர்த்து வைத்திருந்தார். நெப்போலியன் காலத்துப் போர்களில் பிடிபட்டு, பீட்டர்பரோ அருகே நார்மன் கிராஸ் முகாமில் அடைபட்ட பிரெஞ்சுக் கைதிகள், சாப்பாட்டில் மிஞ்சிய எலும்பைச் சீவிக் கப்பல்கள் செய்து விற்றார்கள். பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் அவற்றை இன்றும் பார்க்கலாம்.

கட்டுவதற்கு எந்தக் கப்பலைத் தேர்ந்தெடுப்பது? தமிழ் வாசகருக்கு எச்.எம்.எஸ். ட்ரிங்கமலியை விடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. 1782 திருகோணமலைப் போரின் பெயரைத் தாங்கிய கப்பல் அது. பம்பாய்த் துறைமுகத்தில் பார்சி வழிவந்த தலைமைக் கப்பல் தச்சர் ஜம்சேட்ஜி பொமான்ஜி வாடியாவின் மேற்பார்வையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. இதற்கென்று முதலில் அனுப்பிய வரைபடங்கள் பம்பாய்க்கு வந்து சேரவே இல்லை. அவற்றை ஏற்றி வந்த ‘ஜாவா’ கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிட்யூஷன்’ வீழ்த்திவிட்டது. மறுபடி வரைபடம் அனுப்ப வேண்டியதாயிற்று. வேலை தொடங்கியபோது பார்சி வழக்கப்படி ஏராவில், அதாவது கப்பலின் அடிமரத்தில், வெள்ளி ஆணி ஒன்றை அடித்தார்கள். 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறங்கியது. அதற்குள் நெப்போலியன் தோற்று இரண்டு வருஷம் தாண்டிவிட்டதால், இங்கிலாந்து போய்ச் சேர்ந்த கையோடு கூரை போட்டு நிறுத்தி வைத்தார்கள். பிரிட்டனில் இன்னமும் நீரில் மிதக்கும் போர்க்கப்பல்களில் மூத்தது இதுதான்; ஹார்ட்டில்பூலில் நிற்கிறது.

கட்ட உட்காருகிறவரை முதலில் மடக்குவது மரமோ பசையோ அல்ல. எந்த வருஷத்துக் கப்பலைக் கட்டப் போகிறோம் என்ற கேள்விதான். 1817-ல் இறங்கியபோது அது இருபுறமும் பீரங்கி வரிசை கொண்ட ஃப்ரிகேட். 1845-ல் வெளியே எடுத்து, பீரங்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, சக்தி வாய்ந்தவற்றைப் பொருத்தி, பின்புறத்தையே மாற்றி அமைத்து 26 பீரங்கிக் கொர்வெட்டாக்கினார்கள். பிற்பாடு ‘ஃபூட்ராயன்ட்’ என்று பெயர் மாறி இளைஞர்களுக்கான பயிற்சிக் கப்பலாகவும் இருந்தது. 1992-ல்தான் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. வருஷத்தை முடிவு செய்யாமல் பின்பக்கச் சன்னல் ஒன்றைக்கூடச் செதுக்க முடியாது. நிறமும் அப்படித்தான். நெல்சனின் கப்பலான ‘விக்டரி’யை மாதிரியாகக் கட்டியவர்கள் பல காலமாக அடர்ந்த காவி மஞ்சளைத்தான் பூசினார்கள். கப்பலில் அடுக்கடுக்காக இருந்த பழைய வண்ணங்களைச் சுரண்டி ஆராய்ந்த பிறகு, டிராஃபல்கர் போர்க் காலத்து நிறம் அதைவிட வெளிறியது, இளஞ்சிவப்புச் சாயல் உடையது என்று தெரிந்து, 2015-ல் கப்பலுக்கே மறுபடி வண்ணம் அடித்தார்கள். வரலாற்றில் ஒரு வரி திருத்தப்பட்டால் மேசைமேல் இருக்கும் கப்பலும் மாற வேண்டியிருக்கிறது.

வரைபடத்துக்குப் பஞ்சமில்லை. கிரீன்விச் அருங்காட்சியகத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல் வரைபடங்கள் இருக்கின்றன, நகல் வாங்கலாம். பக்கவாட்டுத் தோற்றம், மேலிருந்து பாதித் தோற்றம், முன்னும் பின்னும் வெட்டிப் பார்த்த தோற்றம் என்று ஒரே கப்பலை மூன்று கோணத்தில் வரைந்திருப்பார்கள். இவற்றைச் சேர்த்துப் படிக்கப் பழகுவதற்கே சில வாரம் பிடிக்கும்.

பிறகு ஏரா, அதன்மேல் விலா எலும்பு போல நிற்கும் சட்டங்கள். நம் கரையோரப் படகுத் தச்சர்கள் வங்கு என்பது இதைத்தான். சட்டங்களின் மேல் பலகை ஒட்டும்போதுதான் புதியவர்கள் திணறுவார்கள். கப்பலின் நடுவயிறு அகலம், முன்முனையான அணியம் குறுகல். ஒரே அகலப் பலகையை நடுவிலிருந்து ஒட்டிக்கொண்டு போனால் அணியத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெளிந்து நிற்கும். இதற்கு வழி ஒரு காகிதத் துண்டு. நடுச்சட்டத்தின் மேல் வைத்து அளந்து, எத்தனை பலகை என்று பிரித்து, அதே எண்ணிக்கையை அணியச் சட்டத்திலும் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பலகையும் முனை நோக்கி எவ்வளவு ஒடுங்க வேண்டும் என்று அப்போது தெரியும். வெந்நீரில் ஊறவைத்து, சூடான இரும்பில் அழுத்தி வளைத்து, கிளிப் போட்டு, ஒரு ராத்திரி அப்படியே விடவேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் மறுநாள் காலை முனை விரிந்து நிற்கும்.

1:64 அளவில் ட்ரிங்கமலியின் பீரங்கித் தளம் சுமார் 71 சென்டிமீட்டர். மனிதன் இரண்டரை சென்டிமீட்டர்தான். மாதிரிக்காரர்கள் பலர் அந்த உயரத்துக்கு ஒரு அட்டை மனிதனை வெட்டி வைத்துக்கொள்வார்கள். படி ஏற முடிகிறதா, கதவுக்குள் நுழைய முடிகிறதா என்று அவனை வைத்துச் சோதிப்பார்கள். செப்புத்தகடு நிஜத்தில் 4 அடி நீளம், 14 அங்குல அகலம். மாதிரியில் அது 19 மில்லிமீட்டருக்கு 5.6 மில்லிமீட்டர். வண்ணக் கண்ணாடி வேலைக்காரர்கள் பயன்படுத்தும் பசை தடவிய செப்பு நாடாவை நறுக்கினால் வேலை முடிந்தது. அந்த 5.6 மில்லிமீட்டர் துண்டை இடுக்கியால் தூக்கிப் பிடிக்கும்போது நினைவில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு. கடற்படை ஒரு மாலுமிக்குத் தூளித்தொட்டில் கட்ட ஒதுக்கிய அகலமும் அதே 14 அங்குலம்தான். எத்தனையோ புத்தகங்களில் வரும் எண் இது. விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் செப்புத் துண்டைப் பார்க்கிறபோதுதான் அந்த மாலுமிகள் எப்படி நெருக்கியடித்துத் தூங்கினார்கள் என்பது உறைக்கும்.

கயிறு வேலை தனி உலகம். பாய்மரத்தை இழுத்துப் பிடித்து நிற்கும் கயிறுகள் தார் பூசியவை, அதனால் கறுப்பு. பாயையும் அதைத் தாங்கும் குறுக்குக் கட்டையான பருமலையும் இயக்குபவை வெளிர் பழுப்பு. நூலைத் தேன்மெழுகில் இழுத்து எடுத்தால் பிசிறு அடங்கும். ஒரு பக்கத்தை இறுக்கினால் எதிர்ப்பக்கம் தளரும். எந்தக் கயிறு எதற்காக அங்கே இருந்தது என்று அப்போது தானாகப் புரியும்.

மரத்தைப் பற்றி ஒரு சொல். கப்பல் தேக்கு என்பதற்காக மாதிரிக்கும் தேக்கு தேட வேண்டியதில்லை. தேக்கின் நரம்பும் துளையும் இந்த அளவில் பூதாகரமாகத் தெரியும். மேல்நாட்டில் பேரி மரம் பயன்படுத்துகிறார்கள். நம் பக்கம் மஞ்சக்கடம்பின் சீரான இழை இந்த வேலைக்கு நன்றாக ஒத்துவரும்.

முதல் முயற்சியே மூன்று பாய்மரக் கப்பலாக இருக்க வேண்டாம். எடுத்த எடுப்பில் பெரிதைத் தொட்டவர்கள் பாதியில் பரண்மேல் போட்டுவிடுவதுதான் வழக்கம். ஒற்றைப் பாய்மரப் படகு ஒன்றை முழுதாக முடித்துவிட்டு வாருங்கள். அதற்கும் ஒரு காகிதத்தில் வருஷத்தை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, அப்புறம் பசையைத் திறங்கள்.