இட்லி அடுப்புக்கும் முதல் வேண்டும்

நெசவாளருக்கு நூலும், உழவருக்கு விதையும் எருவும் நியாயமான வட்டியில் கிடைக்க வேண்டும் என்பதை இன்று மறுப்பார் எவருமிலர். இதற்கெனவே 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே நெசவுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. ஆயினும், நெசவாளர் தெருக்களிலும் நகர்ப்புறக் குடிசைப் பகுதிகளிலும் விடியுமுன் அடுப்பு மூட்டி இட்லி அவிக்கும் பெண்மணிக்கு, அரிசியும் உளுந்தும் வாங்க முதல் எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பது அரிது. அவரும் ஓர் உற்பத்தியாளரே. பெரிய உணவு விடுதிகள் எட்டிப் பாராத தெருக்களில், தறிக்கும் வயலுக்கும் செல்வோருக்கு மலிவாகக் காலை உணவு அளிப்பவர் அவரே.

அவருக்கு முதல் தருபவர் பெரும்பாலும் தண்டல்காரர். தண்டலின் கணக்கை அங்கத்தினர்கள் ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம். ரூ. 10,000 என்று எழுதி, ரூ. 1,000-ஐ முன்னதாகவே பிடித்துக்கொண்டு, ரூ. 9,000 கையில் கொடுக்கப்படுகிறது என்று கொள்வோம். நாளொன்றுக்கு ரூ. 100 வீதம் 100 நாட்களில் கடன் அடைகிறது. பார்வைக்கு இது பத்து விழுக்காடு போல் தோன்றும். ஆனால் நாள்தோறும் கடன் குறைந்துகொண்டே வருவதால், அப்பெண்மணியிடம் சராசரியாக நின்ற தொகை சுமார் ரூ. 4,500 மட்டுமே. அதற்கு 100 நாளைக்கு ரூ. 1,000 வட்டி என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 80 விழுக்காடு ஆகிறது! இதே தொகையை, இதே தினத் தவணை முறையில், ஆண்டுக்கு 12 விழுக்காட்டில் ஒரு சங்கம் அளித்தால் வட்டி ரூ. 150-ஐத் தாண்டாது. மீதமுள்ள ரூ. 850, மழை பெய்து வியாபாரம் நின்ற நாட்களில் அடுப்பை அணையாமல் காக்கும்.

அதிக வட்டி வாங்குவதைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அப்படியிருந்தும் தண்டல்காரரை ஏன் நாடுகிறார்கள்? அவர் வாசலுக்கே வருகிறார், ஈடு கேட்பதில்லை, விண்ணப்பம் எழுதச் சொல்வதில்லை, கேட்ட அன்றே பணம் தருகிறார். இந்நான்கு வசதிகளையும் அளிக்காமல், குறைந்த வட்டியை மட்டும் காட்டி அவர்களை அழைப்பதில் பயனில்லை.

சென்னையில் 1978ஆம் ஆண்டு திருமதி ஜெயா அருணாசலம் தோற்றுவித்த ‘ஒர்க்கிங் விமென்ஸ் ஃபோரம்’ என்னும் உழைக்கும் மகளிர் அமைப்பு இவ்வுண்மையை நன்குணர்ந்தது. குடிசைப் பகுதிகளில் இட்லி, காய்கறி, மீன் முதலியன விற்ற பெண்களை அக்கம்பக்கத்தவராகவே சிறு குழுக்களாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கச் செய்து, வங்கிகளில் கடன் பெற்றுத் தந்தது. ஆயினும், வங்கி நடைமுறைகளும் தாமதமும் ஏழைப் பெண்களுக்கு ஒத்துவரவில்லை. ஆதலின் 1981ஆம் ஆண்டில் அப்பெண்கள் தமக்கெனவே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தை அமைத்துக்கொண்டனர். நிலமும் நகையும் இல்லாத இடத்தில் அண்டை வீட்டாரின் நன்மதிப்பே ஈடாக நின்றது என்பது இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

மற்றொரு சான்று பம்பாயில் உள்ளது. 1959 மார்ச்சு 15ஆம் நாள் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் ஒரு மாடியில் கூடி அப்பளம் இட்டனர். முதல், சமூகத் தொண்டரான சகன்லால் கரம்சி பாரேக் கடனாகத் தந்த ரூ. 80. அன்று உருவானவை நான்கு பொட்டலங்களே. நட்டம் வந்தாலும் எவரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று அவர்கள் உறுதி பூண்டனர். முதல் ஆண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் நான்கு மாதம் தொழில் நின்றது. அடுத்த ஆண்டு கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்து உலர்த்தினர்! 1966ஆம் ஆண்டில் சங்கமாகப் பதிவு பெற்று, காதி கிராமத் தொழில் ஆணையத்தின் அங்கீகாரத்தையும் எய்திய அந்த ‘லிஜ்ஜத்’ ஸ்தாபனத்தில் உழைப்பவரே உரிமையாளர். மழையில் தறிக்குழி ஈரமேறி நெசவு நின்றுபோவதை அறிந்த நம் அங்கத்தினர்களுக்கு அந்த நான்கு மாதத்தின் துன்பத்தை விளக்க வேண்டுவதில்லை.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் அளித்தது. 2020ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி ஸ்வநிதித் திட்டம் ஈடின்றி முதற்கடன் ரூ. 10,000 வரை வழங்க வகை செய்தது. 2025இல் அது ரூ. 15,000 ஆக உயர்த்தப்பட்டது. அதே 2020இல் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கென வந்த திட்டத்தில், செலவில் 35 விழுக்காடு, ரூ. 10 லட்சத்துக்கு மிகாமல் மானியமும், சுய உதவிக் குழுவின் அங்கத்தினர் ஒருவருக்கு ரூ. 40,000 தொடக்க முதலும் அளிக்க இடமிருந்தது. ஆனால் மானியம் என்பது விண்ணப்பிக்கத் தெரிந்தவருக்கே எட்டும் கனி. எழுதப் படிக்க அறியாதவருக்கு அதைப் பறித்துத் தர ஒரு கை வேண்டும். அந்தக் கை அருகிலுள்ள சங்கத்தின் கையாக ஏன் இருத்தலாகாது?

“நம் சேமிப்பை ஈடில்லாதவருக்குக் கொடுப்பதா?” என்று சில அங்கத்தினர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே; பிறர் பணத்துக்குக் காவலிருப்பது நிர்வாகக் குழுவின் முதற்கடமை. ஆதலின் படிப்படியாகச் செய்தல் வேண்டும். முதலாவது, துணைவிதிகள் இடந்தருகின்றனவா என்று பார்த்து, தேவையாயின் பொதுக்குழுவில் திருத்தம் கொணர்தல். இரண்டாவது, ஐந்து அல்லது பத்துப் பேர் கொண்ட குழுவுக்குக் கூட்டுப் பொறுப்பில் சிறு தொகையே முதலில் அளித்து, அது ஒழுங்காகத் திரும்பிய பின்னரே தொகையை உயர்த்துதல். மூன்றாவது, கடனில் ஒரு பகுதியை அரிசி, உளுந்து, நிலக்கடலை எண்ணெய் என்று பண்டமாக அளித்தல். நான்காவது, தவணையை நாள்தோறும் தெருவிலேயே சென்று வசூலித்து, அப்போதே ரசீது தருதல்.

மூன்றாவது யோசனையை உழவர் அங்கத்தினர்கள் சிறப்பாகக் கருத வேண்டும். விளைபொருளைத் தரகரிடம் கொடுத்து வந்த விலைக்கு விற்பவர் ஒருபுறம். அதே பொருளைச் சில்லறைக் கடையில் கூடுதல் விலைக்கு வாங்கும் இட்லிக் கடைக்காரர் மறுபுறம். இவ்விருவரையும் பண்டகசாலை வழியே இணைத்துவிட்டால், இருவருக்கும் இலாபம். சங்கத்துக்கும் நிலையான விற்பனை.

வசூலுக்கு ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும் என்பதை நாம் மறக்கவில்லை. அச்செலவைக் கூட்டினாலும், நாம் கேட்கும் வட்டி தண்டலுக்கு அருகில்கூட வாராது. அடுத்த பொதுக்குழுவுக்கு முன், தத்தம் தெருவில் தண்டல் கட்டும் உணவு வியாபாரிகள் எத்தனை பேர் என்று அங்கத்தினர்கள் எண்ணி வருவார்களாக. அந்த எண்ணிக்கையிலிருந்துதான் வேலை தொடங்க வேண்டும்.