நரம்பின் தூண்டுதலும் காலமும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடக் கண்ட முதியோர் அறிவர்: வடம் பிடித்தோர் இழுக்கும் அதே கணத்தில் பின்னே தடி போடுவோரும் உந்தினால் தேர் நகரும், முன்பின்னானால் இருவர் பாடும் வீணே. மூளையின் நரம்பணுக்களிடத்தும் ஏறத்தாழ இவ்வொழுங்கே காணப்படுகின்றது.

இராஜபாளையத்துப் பஞ்சாலையில் அறுந்த இழையைப் பிணைத்துப் பழகிய கையொன்று பாரிசவாயுவால் ஓய்ந்ததென்று கொள்வோம். கையிற் குறையில்லை, அதனை ஏவும் மூளைப்பகுதியே பழுதுற்றது. எஞ்சிய அணுக்கள் தம்முள் புதிய இணைப்புப் பெறுமாயின் கை ஓரளவு மீளலாம்.

மணிக்கட்டின் நரம்பிலே மின்சாரம் செலுத்தினால், அச்செய்தி மூளையை எட்ட, விநாடியை ஆயிரங் கூறிட்டதில் 20 கூறளவு செல்லும். 2000-ம் ஆண்டில் ஸ்டெபான் முதலிய ஆராய்ச்சியாளர், நரம்பைத் தூண்டி 25 கூறு கழித்து, கையை இயக்கும் மூளைப்பகுதியைக் காந்தவிசையால் தூண்டினர். அரைமணி நேரம் இவ்வாறு செய்ய, அப்பகுதி முன்னிலும் எளிதிற் கிளர்ச்சியுற்றது. இடைவெளி 10 கூறாகக் குறைந்தபோதோ, செய்தி வருமுன்னரே மூளை தூண்டப்பட்டமையால், கிளர்ச்சி குன்றிற்று! கண்ணிமைப்பினும் குறுகிய இவ்வேறுபாடே ஆக்கத்தை அழிவாக்கியது.

இக்கருத்தையொட்டி, கழுத்திலுள்ள வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவியொன்று 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயாளி தானே கையை அசைக்க முயலுங்கால் அது தூண்டப்படும். 108 பேரிடம் நடந்த சோதனையில், 90 நாட் கழித்துப் பார்க்கையில், தூண்டுதலோடு பயின்றோரில் நூற்றுக்கு 47 பேரும், பெயரளவுத் தூண்டுதலோடு பயின்றோரில் 24 பேரும் கையியக்கத்திற் குறிப்பிடத்தக்க நலம் பெற்றிருந்தனர்.