செவிலியர் பணியா, உளவியலா?

ஜவ்வாது மலை என்றதும் அறிவியல் வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது காவலூர் வானாய்வகம். 1986ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. கண்ணுக்கு எட்டாத விண்மீன்களை அது நமக்குக் காட்டித் தருகிறது. அதே மலையில், சாமை விளையும் சரிவுகளுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூரை இப்போது எண்ணிப் பாருங்கள். அங்கே ஒரு வீட்டில், குழந்தை பெற்று ஆறு வாரமான ஒரு தாய் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய நிலையை அறிய என்ன கருவி இருக்கிறது? அதைக் கையாளுபவர் யார்?

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவ மாணவியர் பலர், "செவிலியர் படிப்பில் சேரலாமா, உளவியல் படிக்கலாமா?" என்று தடுமாறுவதுண்டு. இரண்டும் துன்பப்படுவோருக்குத் துணை நிற்கும் தொழில்கள். ஆகையால் இரண்டும் ஏறத்தாழ ஒன்று என்று சிலர் எண்ணுகிறார்கள். ஒன்று உடலுக்கு, மற்றொன்று மனத்திற்கு என்று வேறு சிலர் எளிதாகப் பிரித்துவிடுகிறார்கள். இரண்டு எண்ணங்களும் முழு உண்மை அல்ல. மேலே சொன்ன தாயையே எடுத்துக்கொண்டு இதை விளங்கிக் கொள்வோம்.

ஒரு தாய், இரண்டு கேள்விகள்

அந்தத் தாயிடம் முதலில் செல்பவர் பெரும்பாலும் கிராம சுகாதாரச் செவிலியர்தான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்றும், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்றும் துணைச் சுகாதார நிலையங்கள் அமைய வேண்டும் என்பது அரசு வகுத்துள்ள அளவு. செவிலியர் அங்கே சென்று என்ன செய்கிறார்? காய்ச்சல் உண்டா, நாடி எப்படி, இரத்த அழுத்தம் எவ்வளவு, உதிரப்போக்கு நின்றதா, கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா, குழந்தை பால் குடிக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கிறார். நேற்றைய குறிப்போடு இன்றைய குறிப்பை ஒப்பிடுகிறார். மாற்றம் கண்டால் மருத்துவருக்குச் சொல்லி அனுப்புகிறார்.

இது வெறும் பரிவு அன்று. இது முறையான அறிவியல். 1854ஆம் ஆண்டு கிரிமியப் போர்க்கள மருத்துவமனைக்குச் சென்ற ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் விளக்கேந்திய சீமாட்டியாக மட்டுமே பலருக்குத் தெரியும். அவர் தேர்ந்த புள்ளியியலாளரும் ஆவார். போர்வீரர்களில் பெரும்பாலோர் காயத்தால் இறக்கவில்லை, தடுத்திருக்கக் கூடிய தொற்றுநோய்களால்தான் இறந்தார்கள் என்பதை 1858இல் வரைபடமாக வரைந்து காட்டியவர் அவர். பார்ப்பது, அளப்பது, எழுதி வைப்பது, ஒப்பிடுவது ஆகிய நான்கும் செவிலியர் பணியின் தூண்கள்.

அந்தத் தாய்க்குக் காய்ச்சல் இல்லை, இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் அவள் "தலை கனக்கிறது, கை கால் ஓய்ந்து போகிறது" என்கிறாள். இங்கேதான் உளவியலின் கேள்வி தொடங்குகிறது. அவள் எதை எண்ணி உறங்காமல் கிடக்கிறாள்? எத்தனை நாளாக? இப்படி வருந்தும் தாய்மார் எத்தனை பேர்? யாருக்கு வருகிறது, யாருக்கு வருவதில்லை?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வு ஒன்று ஜவ்வாது மலையின் வடகிழக்கு அடிவாரத்திலேயே நடந்திருக்கிறது. வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்துச் சிற்றூர்களில் கருவுற்ற பெண்களைப் பேறுகாலத்திற்குப் பின்னும் தொடர்ந்து சந்தித்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2002இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். பேறுகாலத்திற்குப் பின் புதிதாக மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் 100க்கு 11 பேர். குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கைவேலைக்கு உதவி இல்லாமை ஆகியவை இந்நோயோடு தொடர்புடையவை என்றும் தெரிந்தது. இவற்றுள் எதையும் இரத்த அழுத்தமானி காட்டாது.

மனத்தை அளக்கும் கருவி

அப்படியானால் மனச்சோர்வை எப்படி அளப்பது? 1987இல் ஸ்காட்லாந்தில் இதற்காக 10 கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியல் உருவாக்கப்பட்டது. எடின்பரோ அளவுகோல் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. கூடுதல் மதிப்பெண் பெறும் தாய்க்கு மருத்துவ ஆய்வு தேவை என்று பொருள்.

இதைத் தமிழில் மொழிபெயர்த்தால் மட்டும் போதுமா? போதாது. ஸ்காட்லாந்துத் தாய் தன் துயரைச் சொல்லும் விதம் வேறு, நம் தாய் சொல்லும் விதம் வேறு. ஆகவே தமிழ் வடிவத்தைப் பல தாய்மாரிடம் கேட்டு, அதே தாய்மாரை மருத்துவர் தனியே விரிவாக ஆராய்ந்து, இரண்டு முடிவுகளையும் ஒப்பிட வேண்டும். உண்மையில் நோயுற்றவர்களில் எத்தனை பேரை இந்தப் பட்டியல் பிடித்தது? நலமாக இருப்பவர்களில் எத்தனை பேரைத் தவறாக நோயாளி என்றது? எல்லை மதிப்பெண்ணைக் குறைத்தால் நலமானவர்களும் வலையில் விழுவார்கள். கூட்டினால் நோயுற்றவர்கள் தப்பிவிடுவார்கள். நடுவே தகுந்த ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வாறு சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவம் 2005இல் ஆய்விதழில் வெளியாயிற்று.

உளவியல் என்றால் பிறர் மனத்தில் உள்ளதைப் படித்துச் சொல்வது, ஆறுதல் கூறுவது என்று நீங்கள் எண்ணியிருந்தால் அதை மாற்றிக் கொள்ளுங்கள். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் சோதனைச் சாலை அமைத்த நாள் முதல், அளப்பதும் சோதிப்பதும்தான் அதன் அடிப்படை. இந்தியாவில் 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறைகள் தோன்றின. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளின் அறிவுத்திறனை எப்படி அளப்பது என்று சிந்தித்த சி. எம். பாட்டியா, கட்டைகளை அடுக்குதல், படத்துண்டுகளைப் பொருத்துதல் போன்ற செயல்களைக் கொண்ட சோதனைத் தொகுதியை 1955இல் வெளியிட்டார். பள்ளிக்கே போகாத மலைக் குழந்தையிடம் நகரத்துக் குழந்தைக்கான கேள்வியைக் கேட்டு, "மந்தபுத்தி" என்று முத்திரை குத்துவது எவ்வளவு பெரிய பிழை! அந்தப் பிழையைத் தவிர்க்க வழி தேடுவதும் உளவியலின் வேலைதான்.

இரண்டும் சந்திக்கும் இடம்

சரி, நோயைக் கண்டுபிடித்தாகிவிட்டது. மலையுச்சியில் இருக்கும் தாயை யார் நடத்திச் செல்வது? மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் ஆகியோர் இடம்பெறுகிறார்கள். 1996இல் நாட்டில் முதலில் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய இத்திட்டத்தில் நம் திருச்சியும் ஒன்று. ஆனால் மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒரு குழு ஒவ்வொரு மலைச் சிற்றூருக்கும் வாரந்தோறும் போய்வர முடியாது.

இதற்கு வழிகாட்டும் ஆய்வு ஒன்று பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில் நடந்தது. மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சை முறை ஒன்றை எளிமையாக்கி, வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அவர்கள் வழக்கமாகத் தாயையும் சேயையும் பார்க்கப் போகும்போதே அதையும் சேர்த்துச் செய்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, குழந்தை பிறந்து ஆறு மாதமானபோது, இந்த உதவியைப் பெற்ற தாய்மாரில் 23 விழுக்காட்டினரே மனச்சோர்வு நீங்காதிருந்தனர். பெறாதவர்களில் அது 53 விழுக்காடு.

இந்த எண்களைச் சற்று நின்று பாருங்கள். சிகிச்சை முறையை ஆக்கித் தந்தது மனத்தைப் பற்றிய அறிவியல். அதைக் குடிசை வாசல் வரை கொண்டு சேர்த்தது சுகாதாரப் பணியாளரின் கால்கள். ஒன்றில்லாமல் மற்றொன்றால் பயனில்லை. 

இரண்டும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட வழியின்றி மாண்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்துள்ளது. மனநலச் செவிலியர், மருத்துவ உளவியலாளர் இருவரையும் மனநல வல்லுநர் வரிசையில் அது அருகருகே வைத்திருப்பதும் கருதத்தக்கது.

படிப்பும் ஆண்டுகளும்

இனி நடைமுறைக்கு வருவோம். துணைச் செவிலியர் பயிற்சி 2 ஆண்டு. பட்டயப் படிப்பு 3 ஆண்டு. இளநிலைப் பட்டப்படிப்பு 4 ஆண்டு. பட்டப்படிப்புக்கு மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்கள் வேண்டும். ஆண்களும் சேரலாம். 1946இல் டில்லியிலும் வேலூரிலும்தான் நாட்டில் முதன்முதலாகச் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கிற்று. படித்து முடித்து மாநில செவிலியர் மன்றத்தில் பதிவு செய்துகொண்டால் அன்று முதல் நீங்கள் தொழில் செய்யத் தகுதி பெற்றவர்.

உளவியலில் அப்படி அன்று. எந்தப் பாடப்பிரிவு எடுத்தவரும் இளநிலையில் சேரலாம் என்பது உண்மைதான். ஆனால் மூன்றாண்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்க முடியாது. மருத்துவ உளவியலாளராக இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற, முதுநிலைப் பட்டத்திற்கு மேல் இரண்டாண்டு மருத்துவமனைப் பயிற்சி தேவை என்பதே நெடுங்கால வழக்கம். ஆக மொத்தம் 7 ஆண்டு. இந்தப் பயிற்சி முறை இப்போது மாற்றி அமைக்கப்பட்டு வருகிறது. 2025இல் உளவியல் பட்டங்களைத் தொலைநிலைக் கல்வி வழியாக வழங்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. ஆகையால் பணம் கட்டும் முன், அந்தப் படிப்புக்கு ஏற்பு உண்டா என்று எழுத்து மூலம் கேட்டறியுங்கள். உளவியலாளர் வேறு, மனநல மருத்துவர் வேறு என்பதையும் மறவாதீர்கள். மருந்து எழுதித் தருபவர் மருத்துவப் பட்டம் பெற்ற மனநல மருத்துவரே.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. செவிலியர் பட்டப்படிப்பிலேயே மனநலச் செவிலியம் ஒரு பாடம். அதில் நாட்டமுள்ளவர்கள் பின்னர் மனநலச் செவிலியத்தில் ஓராண்டுப் பட்டயமோ, முதுநிலைப் பட்டமோ பெறலாம். பெங்களூர் தேசிய மனநல நிறுவனத்தில் இதற்கான படிப்புகள் உள்ளன. வேலூருக்கு அருகே பாகாயத்தில் 1957 முதல் இயங்கும் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை அளிப்பதில் பேர் பெற்றது. வீட்டில் வருமானம் விரைவில் தேவை, ஆனால் மனத்தைப் பற்றிய ஆர்வமும் இருக்கிறது என்பவர்களுக்கு இது நல்ல வழி. செவிலியர் படிப்பில் சேர்ந்ததால் உளவியலின் கதவு அடைபட்டுவிடுவதில்லை.

உங்களை நீங்களே கேளுங்கள்

முடிவெடுக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள்.

முதலாவது, அன்றாட வேலை. இரத்தம், சீழ், இரவுப் பணி, ஒரே வேளையில் பல நோயாளிகள் இவற்றை உங்களால் தாங்க முடியுமா? அல்லது ஒரே மனிதரின் துயரை மணிக்கணக்காகக் கேட்டு, மாதக்கணக்காகப் பலன் தெரியாமல் காத்திருக்க முடியுமா? இரண்டும் கடினம், எந்தக் கடினம் உங்களுக்கு ஒத்துவரும் என்பதே கேள்வி.

இரண்டாவது, காலம். உங்கள் வீடு உங்கள் சம்பாத்தியத்துக்காக எத்தனை ஆண்டு காத்திருக்க இயலும்? இதை எண்ணிப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. 

மூன்றாவது, உங்கள் ஆர்வம் எதில் நிற்கிறது? "இவளுக்கு இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்ற கேள்வி உங்களை எழுந்து நடக்கச் செய்கிறதா? "இது ஏன் இவளுக்கு வந்தது, இன்னொருத்திக்கு ஏன் வரவில்லை?" என்ற கேள்வி உறங்கவிடாமல் செய்கிறதா? முன்னது செவிலியரின் கேள்வி. பின்னது உளவியலாளரின் கேள்வி. உளவியலுக்குக் கணக்கு தேவையில்லை என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். புள்ளியியல் இல்லாமல் அங்கே ஓரடி நகர முடியாது.

கடைசியாக ஒன்று. தமிழ்வழியில் படித்தோமே, மலையூரில் பிறந்தோமே என்று தயங்கும் மாணவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். 2015-16ஆம் ஆண்டு தேசிய மனநல ஆய்வு, மனநோய்களின் வகையைப் பொறுத்து நோயுற்றோரில் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சையே பெறவில்லை என்று கண்டது. அவர்களைச் சென்றடைய மருந்து மட்டும் போதாது. அவர்கள் பேசும் பேச்சைப் புரிந்துகொள்ளும் காதும் வேண்டும். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துத் தாய் ஒருத்தி "ஒண்ணுமில்லை" என்று சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அறியக் கூடியவர் அந்த மண்ணில் வளர்ந்தவர்தான். நீங்கள் செவிலியராகத் திரும்பி வந்தாலும், உளவியலாளராகத் திரும்பி வந்தாலும், அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவள் உங்களை நோக்கித் திரும்புவாள்.